எம்பெட், எம்பெடட், எம்பெடிங்: ஓசூர் வேலை விளம்பரத்துல இருந்து மயிலாடும்பாறை குழி வரைக்கும் ஒரே வார்த்தை

ஓசூர் பக்கம் வேலை தேடுறவங்களுக்கு "எம்பெடட் இன்ஜினியர் தேவை"ங்கற வரி நல்லா பழக்கம். தருமபுரியில டிடிபி கடைக்குப் போனா "பாண்ட் எம்பெட் பண்ணாம அனுப்பிட்டீங்க, எழுத்து உடைஞ்சு வருது"ங்கறாங்க. புது போன் வாங்கினா இ-சிம், அந்த இ-க்கு விரிவும் எம்பெடட் தான். வீடு கட்டுற சைட்டுல இன்ஜினியர் எம்பெட்மெண்ட் பத்தலன்னு கம்பியை காட்டுறாரு, ஏஐ பத்தின செய்தியை தொறந்தா எம்பெடிங், எம்பெடிங்னு பத்து தடவை வருது. டிக்‌ஷனரியில பாத்தா "பதித்தல், உட்பொதித்தல்"னு ரெண்டு வார்த்தையோட முடிச்சிடுறாங்க, அந்த ரெண்டை மட்டும் கையில வச்சிக்கிட்டு மேல சொன்ன அஞ்சுல ஒன்னைக்கூட சரியா புரிஞ்சிக்க முடியாது.

இதெல்லாம் தனித்தனி அர்த்தம் இல்ல, அடியில ஒரே எண்ணம் தான் ஓடுது. அதை ஒரு தடவை பிடிச்சிக்கிட்டா எந்தத் துறையில இந்த வார்த்தை வந்தாலும் என்ன சொல்ல வராங்க, அதைவிட முக்கியமா எதை சொல்லாம விடுறாங்கன்னும் தெரிஞ்சிடும்.

## வார்த்தை பொறந்த இடம் பாறை

பெட்னா படுக்கைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இங்கிலீஷ்ல ஆத்துக்கு அடியில இருக்கற தரையும் பெட் தான், பாறையோட அடுக்கும் பெட் தான். தமிழ்லயும் படுக்கை, ஆற்றுப் படுகைன்னு ரெண்டும் 'படு'வுல இருந்து தானே வருது, அதனால நமக்கு இது ஒன்னும் புதுசா இருக்காது. அந்த பெட்டுக்கு முன்னாடி 'உள்ளே வை'ங்கற மாதிரி எம்-னு ஒரு ஒட்டு சேந்து எம்பெட் ஆச்சு. 18-ம் நூற்றாண்டு கடைசியில பாறைகளை ஆராய்ச்சி பண்ணவங்க தான் இதை முதல்ல புழக்கத்துக்கு கொண்டு வந்தாங்க, பாறை அடுக்குக்குள்ள சிப்பி, எலும்பு எல்லாம் சிக்கி இருக்கறதை சொல்றதுக்கு. எண்ணம், பழக்கம் மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கு அடுத்த நூற்றாண்டுல தான் போச்சு.

அந்த மூல அர்த்தத்தை நேர்ல பாக்கணும்னா கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில பாக்க முடியாது. நம்ம பக்கத்து பாறை பூமிக்கு அடியில சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருவானது, அதுல புதைபடிவம் தங்காது. அரியலூர் பக்கம் போகணும், அங்க ஒரு காலத்துல கடலா இருந்த இடத்துல படிஞ்ச அடுக்குகள்ல சுருள் சுருளா கடல் உயிரிகளோட ஓடு கல்லுக்குள்ள அப்படியே உக்காந்திருக்கும். அது தான் அசல் எம்பெடட்.

இதுல இருந்து மூணு அடையாளம் எடுக்கலாம்:

1. சுத்தி ஒரு பொருள் இருக்கணும். மேல ஒட்டி வச்சது, பக்கத்துல சாத்தி வச்சது எம்பெட் ஆகாது.

2. சுத்தி இருக்கறது உள்ள இருக்கறதை இறுக்கிப் பிடிச்சிருக்கணும். பெட்டிக்குள்ள போட்ட துணி உள்ள தான் இருக்கு, ஆனா தூக்கினா வந்துடும், அதுக்கு இந்த வார்த்தை வராது.

3. உள்ள இருக்கறது தன் உருவத்தை இழக்கக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில பல ஊர்ல ஃப்ளோரைடு பிரச்சனை இருக்கு, அது தண்ணிக்குள்ள தான் இருக்கு, ஆனா கரைஞ்சு இருக்கு. அதை எம்பெடட்னு சொல்ல முடியாது. அந்த ஃப்ளோரைடு கிளம்பி வர்ற தாதுக்கள் பாறைக்குள்ள துகள் துகளா இருக்கே, அதை சொல்லலாம்.

மாம்பழத்துக்குள்ள கொட்டை இருக்கற மாதிரின்னு மனசுல வச்சிக்கங்க: சதை சுத்தி இருக்கு, நார் இறுக்கிப் பிடிச்சிருக்கு, கொட்டை கொட்டையாவே இருக்கு, பிடுங்கினா அந்த வடிவத்துல குழி விழும்.

## மயிலாடும்பாறையில இது ஏன் உயிர்நாடி

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டினதுல கிடைச்ச மாதிரிகளை காலக்கணிப்புக்கு அனுப்பி, இரும்புப் புழக்கம் கிமு 2172 வரைக்கும் போகுதுன்னு 2022-ல முதலமைச்சர் சட்டமன்றத்துல அறிவிச்சாரு. அதுக்கப்புறம் 2025 ஜனவரியில வந்த அறிக்கையில தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அதையும் தாண்டி கிமு 3345-ன்னு போச்சு. இந்த மாதிரி செய்தியோட இங்கிலீஷ் அறிக்கைகளை படிக்கும்போது 'கிடைத்தது'ங்கற அர்த்தத்துல வர்ற வார்த்தைக்கும் 'அடுக்குக்குள் எம்பெட் ஆகி இருந்தது'ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியலன்னா விஷயத்தோட பாதி போயிடும்.

கார்பன் காலக்கணிப்பு ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருளைத் தான் அளக்கும், கரி, விதை, எலும்பு இப்படி. இரும்புக் கத்தியை வச்சு வழக்கமா நேரடியா வயசு சொல்ல முடியாது. அந்தக் கத்தி எந்த மண் அடுக்குல இருந்துச்சோ அதே அடுக்குல இருந்த கரித்துண்டை அளந்து, ரெண்டும் ஒரே காலத்துல மண்ணுக்குள்ள போச்சுன்னு காட்டித் தான் வயசு சொல்றாங்க. அப்போ மொத்த வாதமும் எதுல நிக்குது? பொருள் அந்த அடுக்குல கலையாம இறுகி இருந்துச்சாங்கறதுல. எலி வளை வழியா மேல இருந்து விழுந்திருந்தா, ஏர் ஓட்டும்போது புரண்டிருந்தா, வயசு சொல்றதுக்கு அடிப்படையே இல்ல.

அதனால தான் தோண்டுறவங்க ஒரு பொருள் தெரிஞ்ச உடனே வெளிய எடுக்க மாட்டாங்க. பிரஷ் வச்சு சுத்தி மண்ணை தள்ளி, பாதி மண்ணுக்குள்ள பாதி வெளியன்னு இருக்கற நிலையில அளவுகோல் வச்சு போட்டோ எடுத்து, ஆழம் எழுதி, அதுக்கப்புறம் தான் கையை வைப்பாங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் வயல்ல, ஏரிக்கரையில பழங்கால ஈமச் சின்னங்களும் நடுகல்லும் நிறைய இருக்கு, உழும்போது மண்பாண்டமோ இரும்புத் துண்டோ தட்டுப்பட்டா புடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டு வர்றது நல்லெண்ணத்துல செய்யறது தான், ஆனா அப்படி எடுத்த நிமிஷமே அந்தப் பொருள் சொல்ல வேண்டிய சேதியில பெரும் பங்கு மண்ணுலயே அழிஞ்சு போயிடுது. விட்டுட்டு தாசில்தார் ஆபீஸ்லயோ தொல்லியல் துறையிலயோ சொல்றது தான் சரி.

## கம்பியும் கான்கிரீட்டும்

கட்டட வேலையில இந்த வார்த்தைக்கு அளவே இருக்கு. கான்கிரீட் அழுத்தத்தை தாங்கும், இழுத்தா சட்டுனு பிளந்துடும். கம்பி இழுவையை தாங்கும். ரெண்டும் சேந்து வேலை செய்யணும்னா கான்கிரீட் கம்பியை விடாம பிடிச்சிருக்கணும், முறுக்குக் கம்பி மேல இருக்கற வரி வரியான மேடு அதுக்குத் தான்.

எவ்வளவு நீளம் உள்ள போகணும்? இந்திய தர விதி ஐஎஸ் 456 கணக்குப்படி எம்25 தர கான்கிரீட்ல எஃப்இ500 தர கம்பி இழுவைக்கு நிக்கணும்னா கம்பி விட்டத்தை போல கிட்டத்தட்ட 49 மடங்கு உள்ள இருக்கணும். 12 மில்லி கம்பின்னா ஏறக்குறைய ரெண்டு அடி. பழைய பீம்ல நாலு அங்குலம் துளை போட்டு சும்மா சிமெண்ட் பால் ஊத்தி கம்பியை சொருகி அதுல இருந்து புது சன்ஷேடு இழுக்கறாங்களே, அங்க கம்பி உள்ள 'இருக்கு', ஆனா எம்பெட் ஆகல. இன்ஜினியர் எம்பெட்மெண்ட் பத்தலன்னு சொன்னா இதைத் தான் சொல்றாரு, அதை மேஸ்திரி "அதெல்லாம் நிக்கும் சார்"னு தட்டிவிடக் கூடாது.

வெளிப்பக்கம் எவ்வளவு கான்கிரீட் மூடி இருக்கணும்ங்கறது இன்னொரு கணக்கு. சாதாரண சூழல்ல சிலாப்புக்கு 20 மில்லி, பில்லருக்கு 40, புட்டிங்குக்கு 50. கவர் பிளாக் (கம்பியை பலகையில படாம தூக்கிப் பிடிக்கற சின்ன கட்டை) வைக்காம சென்ட்ரிங் பலகை மேலயே கம்பியை போட்டு ஊத்திட்டா காத்தும் ஈரமும் சீக்கிரம் கம்பியை தொட்டுடும், துரு பிடிச்ச இரும்பு ரெண்டு மடங்குக்கு மேல ஊதும், உள்ள இருந்தே கான்கிரீட்டை பேத்து தள்ளிடும்.

## ஓசூர் விளம்பரத்துல வர்ற எம்பெடட்

இங்க தான் குழப்பம் ஜாஸ்தி, குழப்பத்தால பணமும் வருஷமும் போறதும் இங்க தான்.

எம்பெடட் சிஸ்டம்னா ஒரு கருவிக்குள்ள, அந்தக் கருவியோட வேலைக்காக மட்டும் வச்ச கம்ப்யூட்டர். லேப்டாப்புல பாட்டு கேக்கலாம், கணக்கு எழுதலாம், படம் பாக்கலாம். வாஷிங் மெஷின்ல இருக்கற சிப்பு துணி துவைக்கறதை தவிர வேற ஒன்னும் செய்யாது, செய்யவும் கூடாது. 1960-கள்ல நிலாவுக்கு போன அப்போலோ விண்கலத்தோட வழிகாட்டிக் கம்ப்யூட்டரை இந்த வகையில ஆரம்பகால உதாரணமா சொல்வாங்க. 1971-ல இன்டெல் 4004 சிப்பு வந்தது, அது ஒரு ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனிக்காக செஞ்சது. அதுக்கப்புறம் சிப்பு விலை இறங்க இறங்க எல்லா பொருளுக்குள்ளயும் போயிடுச்சு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துல இது ஏன் இவ்வளவு பேசப்படுதுன்னா, டிவிஎஸ், அசோக் லேலண்ட் ரெண்டும் ஓசூர்ல ரொம்ப வருஷமா வண்டி செய்யறாங்க, ஏத்தர் ஓசூர்ல, ஓலா எலக்ட்ரிக் போச்சம்பள்ளி பக்கம்னு 2021-க்கு அப்புறம் மின்சார ஸ்கூட்டரும் சேந்துக்கிச்சு. 2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்6-ங்கற வண்டிப் புகை விதி வந்தப்போ பைக்ல கார்புரேட்டர் போய் பெட்ரோலை ஊசி மாதிரி அளந்து பீச்சுற முறை வந்துச்சு, அதுக்கு எவ்வளவு, எப்போன்னு கணக்கு போட ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேணும். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கற புது பைக் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு) கட்டாயம், அதுக்கும் ஒன்னு வேணும். மின்சார வண்டியில பேட்டரியை கண்காணிக்க ஒன்னு, மோட்டாருக்கு ஒன்னு, டிஸ்பிளேக்கு ஒன்னு. இதெல்லாம் தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு 1986-ல பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்தின கேன்-ங்கற முறை தான் இன்னிக்கும் பெரும்பாலும் ஓடுது.

ஏபிஎஸ்ஸை மட்டும் கிட்ட போய் பாப்போம். தொப்பூர் கணவாய் இறக்கத்துல மழை பேஞ்சு ரோடு வழுக்குது, முன்னாடி லாரி திடீர்னு நிக்குது, பைக்ல வர்றவர் பிரேக்கை முழுசா அமுக்கிடுறாரு. சக்கரத்தோட ஓட்டை ஓட்டையா ஒரு வளையத் தட்டு சேந்து சுத்துது, பக்கத்துல சுண்டு விரல் அளவு சென்சார் ஒவ்வொரு ஓட்டை கடக்கறதையும் எண்ணிக்கிட்டே இருக்கு. ஓட்டைகளுக்கு நடுவுல நேரம் திடீர்னு நீண்டா சக்கரம் பூட்டிக்கப் போகுதுன்னு அர்த்தம். உடனே உள்ள இருக்கற சிப்பு பிரேக் ஆயில் அழுத்தத்தை கொஞ்சம் விடுது, சக்கரம் உருண்டதும் திரும்ப ஏத்துது, இப்படி ஒரு செகண்டுக்கு பல தடவை. ஓட்டுறவருக்கு லீவர்ல ஒரு துடிப்பு தெரியும், அவ்வளவு தான். அந்த புரோகிராம் கொஞ்சம் லேட்டா முடிவெடுத்தா சரியான முடிவுக்கும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அதுக்குள்ள வண்டி சறுக்கிடும். நேரத்துக்கு நடக்கறதும் சரியா நடக்கறதும் இங்க ஒன்னு தான்.

எம்பெடட் புரோகிராமர் வேலை ஏன் மத்த சாஃப்ட்வேர் வேலை மாதிரி இல்லன்னு இதுல இருந்தே தெரியும். மெமரி குறைவு, நேரக் கட்டுப்பாடு கடுமை, வண்டி வித்துப் போனதுக்கப்புறம் தப்பை திருத்தறது செலவு. அதனால:

1. மொழி பெரும்பாலும் சி, சில இடத்துல சி பிளஸ் பிளஸ். வெப்சைட் செய்யத் தெரிஞ்சவங்க அப்படியே இங்க மாற முடியாது, அவங்க குறைச்சல்னு இல்ல, கத்துக்க வேண்டியது வேற.

2. எலக்ட்ரானிக்ஸ் தெரியணும். டேட்டாஷீட் (சிப்போட விவரக் குறிப்பு) படிக்கத் தெரியணும், மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் (மின் அலையை வரைஞ்சு காட்டற கருவி) பிடிக்கத் தெரியணும். புரோகிராம்ல தப்பா வயர்ல தப்பான்னு பிரிச்சுப் பாக்கறது தான் இந்த வேலையில பாதி.

3. "எம்பெடட் லினக்ஸ்"னு போட்டிருந்தா அது இன்னொரு கிளை. டிஸ்பிளே, நேவிகேஷன் மாதிரி பெரிய வேலைக்கு சின்ன சிப்பு பத்தாது, அங்க ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமே ஓடும்.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைல இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய் எம்பெடட் கோர்ஸ்னு பெரிய தொகை கட்டுற பிள்ளைங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொருத்தர் கையிலயும் சிப்பு வச்ச போர்டு கொடுப்பீங்களா, எத்தனை மணி நேரம்? ஸ்கிரீன்ல ஸ்லைடு மட்டும் ஓட்டிட்டு சர்டிபிகேட் கொடுக்கற இடத்துல சேரவே வேணாம். சென்சார்ல இருந்து ஒரு அளவை எடுத்து மோட்டாரை ஓட்டி, அது ஏன் நின்னுச்சுன்னு ராத்திரி உக்காந்து கண்டுபிடிச்சவங்க தான் இண்டர்வியூல பேசுவாங்க.

## இ-சிம்

இ-ன்னா எலக்ட்ரானிக்னு பலர் நினைக்கறாங்க, அது எம்பெடட். பழைய சிம் கழட்டி மாத்தற அட்டை. இதுல அந்த சிப்பு போன் போர்டுலயே சால்டர் பண்ணி பத்தவச்சிருக்கும், சிம் கம்பெனி விவரம் மட்டும் நெட் வழியா அதுக்குள்ள இறங்கும். 2022-ல ஐபோன் 14 வந்தப்போ அமெரிக்க மாடல்ல அட்டை வைக்கற இடத்தையே எடுத்துட்டாங்க.

விளைவு ரெண்டு. போன் திருடு போனா திருடன் அட்டையை கழட்டி எறிய முடியாது, இது நல்லது. ஆனா போன் ரிப்பேர்னா சிம்மை கழட்டி அம்மா போன்ல போட்டு பேசிக்கலாம்ங்கறது நடக்காது, கம்பெனி வழியா மாத்தணும். இதையே மோசடிக்காரங்க பயன்படுத்தறாங்க, "உங்க சிம்மை இ-சிம்மா மாத்தித் தரோம்"னு கூப்பிட்டு ஓடிபி வாங்கினா உங்க நம்பர் அவன் போனுக்குள்ள போயிடும், உங்க போன்ல சிக்னல் நின்னுடும், அடுத்து பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்கு. திடீர்னு சிக்னல் போனா டவர் பிரச்சனைன்னு உக்காந்திருக்காம உடனே கம்பெனிக்கும் பேங்குக்கும் பேசணும்.

## பாண்டும் வீடியோவும்: எதிரெதிர் ரெண்டு

கம்ப்யூட்டர்ல இந்த வார்த்தை ரெண்டு விதமா புழங்குது, ரெண்டும் ஒன்னுக்கொன்னு நேர் எதிர்.

பிடிஎஃப்ல பாண்ட் எம்பெட் பண்றது அசல் அர்த்தத்துல. யூனிகோடு இல்லாத பாமினி மாதிரி பழைய தமிழ் பாண்ட்ல அடிச்ச கல்யாண பத்திரிக்கையை எடுத்துக்கங்க. கம்ப்யூட்டருக்கு அந்த ஃபைல்ல இருக்கறது உண்மையில இங்கிலீஷ் எழுத்து தான், அந்த எழுத்துக்குத் தமிழ் உருவம் கொடுக்கறது பாண்ட். பாண்ட் ஃபைலுக்குள்ளயே போயிருந்தா உலகத்துல எங்க தொறந்தாலும் "நிகழும் மங்களகரமான"னு வரும். போகலன்னா, அடுத்த கம்ப்யூட்டர்ல அந்த பாண்ட் இல்லன்னா, ஜே, யு, கேன்னு சம்பந்தமில்லாம கோர்த்த மாதிரி வரும். பிரஸ்ஸுல பிளேட் எடுத்ததுக்கப்புறம் இது தெரிஞ்சா அத்தனையும் வீண். பிடிஎஃப் தொறந்து ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல பாண்ட் பகுதியில பாண்ட் பேருக்குப் பக்கத்துல எம்பெடட்னு (அல்லது எம்பெடட் சப்செட்னு) இருக்கான்னு பாத்தா போதும், அரை நிமிஷ வேலை.

வீடியோ எம்பெட் அப்படி இல்ல. ஒகேனக்கல்ல வெள்ளம் வர்ற வீடியோவை ஒரு செய்திப் பக்கத்துல எம்பெட் பண்ணா, பாக்கறவங்களுக்கு அந்தப் பக்கத்துக்குள்ள இருக்கற மாதிரி தெரியும், ஆனா ஃபைல் அங்க இல்ல. வெறும் ஒரு வரி கோடு தான் இருக்கு, அது ஒரு ஜன்னலை தொறந்து வேற சர்வர்ல ஓடறதை காட்டுது. நான் சொன்ன மூணு அடையாளத்துல ரெண்டாவது இங்க இல்லவே இல்ல, போட்டவர் டெலீட் பண்ணா இங்கயும் காலி. முக்கியமான ஆதாரமா நினைக்கற வீடியோவை எம்பெட் பண்ணி வச்சிருக்கோம்னு நிம்மதியா இருக்கக் கூடாதுங்கறது இதனால தான்.

கோர்ட்டையே இது குழப்பியிருக்கு. ஃபைல் யார் சர்வர்ல இருக்கோ அவங்க தான் காட்டுறாங்கன்னு 2007-ல அமெரிக்காவுல ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெர்ஃபெக்ட் 10-ங்கற பத்திரிகை கம்பெனி போட்ட வழக்குல சொல்லுச்சு, அப்போ எம்பெட் பண்ணவர் மேல நேரடி காப்பிரைட் குத்தம் இல்ல. 2018-ல நியூயார்க்ல ஒரு நீதிபதி அதை ஏத்துக்கல, சர்வர் எங்க இருந்தா என்ன, வாசகர் கண்ணுக்கு காட்டினது நீங்க தானேன்னு கேட்டாரு. உள்ள இருக்கா, உள்ள இருக்கற மாதிரி தெரியுதாங்கற அதே கேள்வி தான்.

## நிருபர் எம்பெட் ஆகறது

2003 இராக் போர்ல அமெரிக்க ராணுவம் 600-க்கும் மேல பத்திரிகைக்காரங்களை படைப்பிரிவுகளோட சேத்து அனுப்புச்சு. கூடவே தூங்கி, கூடவே சாப்பிட்டு, அவங்க வண்டியிலயே போகணும், எதை எழுதலாம் எதை எழுதக்கூடாதுன்னு விதிகளுக்கு கையெழுத்து போடணும். போர்க்களத்தை கிட்ட இருந்து பாக்கற வாய்ப்பு கிடைச்சது உண்மை. சுத்தி இருக்கறதும் உயிரைக் காப்பாத்தறதும் ஒரே தரப்பா இருக்கும்போது மறுபக்கம் எப்படித் தெரியும்ங்கற விமர்சனமும் உண்மை. ஒரு செய்தியில "எம்பெடட் வித்"னு பாத்தா எங்க நின்னு பாத்தாங்கன்னு அதுலயே சொல்லியாச்சு, அதை மனசுல வச்சு படிக்கணும்.

## ஏஐ-ல எம்பெடிங்

இது கணக்குல இருந்து வந்தது. கணக்குல ஒரு அமைப்பை அதோட உறவுகள் கெடாம பெரிய இடத்துக்குள்ள பொருத்தறதை எம்பெடிங்னு சொல்றது பழைய வழக்கம். அதை மொழிக்கு கொண்டு வந்தா: ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எண் வரிசை. எண்ணை யாரும் உக்காந்து கொடுக்கறது இல்ல, கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிச்சு, எந்த வார்த்தை எந்த வார்த்தையோட வருதுன்னு பாத்து மெஷினே கொடுத்துக்குது. 2013-ல கூகுள்ல தாமஸ் மிகோலோவ் குழு வேர்ட்டூவெக்னு ஒரு முறையை வெளியிட்டாங்க, அதுல கிட்டத்தட்ட 10,000 கோடி வார்த்தை உள்ள செய்திகள்ல பழக்கின மாடல்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் 300 எண்.

அந்த 300 எண்ணை ஒரு இடத்தோட முகவரியா நினைச்சா, அர்த்தம் நெருக்கமான வார்த்தைகள் பக்கத்து பக்கத்துல குடியிருக்கும். ராகியும் கேழ்வரகும் கேப்பையும் எழுத்துல சம்பந்தமே இல்லாத மூணு வார்த்தை, ஆனா மூணும் களி, கூழ், மாவு, அறுவடைன்னு ஒரே கூட்டத்தோட வர்றதால முகவரி பக்கத்துல விழும். அதனால தான் இப்போ தேடும்போது "ராகி விலை"ன்னு கேட்டா கேழ்வரகுன்னு எழுதியிருக்கற பக்கமும் வருது.

விளைவும் இதுக்குள்ளயே இருக்கு. ஒரு வார்த்தை எழுத்துல எத்தனை தடவை வந்திருக்கோ அந்த அளவுக்குத் தான் அதோட இடம் சரியா அமையும். நம்ம பக்கத்து பேச்சு வழக்கு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை பேச்சு, எழுத்துல வந்ததே குறைவு. வராத வார்த்தைக்கு மெஷின்ல நல்ல இடம் கிடைக்காது. எழுதினவங்க மனசுல இருந்த பாரபட்சமும் அப்படியே முகவரியா மாறும், நர்ஸ்னா பொண்ணு பக்கம், இன்ஜினியர்னா ஆம்பளை பக்கம்னு சாயறதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க.

## "டீப்லி எம்பெடட்"

சமூகப் பிரச்சனை பத்தின இங்கிலீஷ் கட்டுரைகள்ல அதிகம் வர்ற ஜோடி இது. தருமபுரியில பெண் சிசுக்கொலை பத்தி எழுதினவங்க பலர் இப்படித் தான் எழுதினாங்க, சமூகத்துல ஆழமா பதிஞ்ச வழக்கம்னு. ஆழத்தை சொல்றதுல தப்பில்ல. ஆனா இது செயப்பாட்டு வினை, யார் பதிச்சாங்கன்னு சொல்லாம தப்பிச்சிடலாம். கல்லுக்குள்ள சிப்பியை யாரும் வைக்கல, தானா படிஞ்சது. வரதட்சணையும் ஆம்பளப் பிள்ளை ஆசையும் அப்படி தானா படியல, கேட்டவங்க இருந்தாங்க, கொடுத்தவங்க இருந்தாங்க. 1992-ல சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல தருமபுரிக்கும் கொண்டு வந்தாங்க, மாத்த முடியும்னு நம்பினதால தானே. பாறைக்கு சொல்ற வார்த்தையை மனுஷங்க பழக்கத்துக்கு சொல்லும்போது, அசைக்கவே முடியாதுங்கற சாயலும் சத்தமில்லாம கூட வந்துடுது.

## எழுதும்போது

1. எழுத்து: எம்பெட் வினையா இருக்கும்போது கடைசியில ஒரு டி, எம்பெடட், எம்பெடிங்னு மாறும்போது ரெண்டு டி. முதல் எழுத்து ஐ-ல ஆரம்பிக்கற பழைய வடிவமும் உண்டு, இப்போ அரிதா தான் எழுதறாங்க.

2. சேர்ற சொல்: பொருளுக்கு 'இன்', உள்ள போறதை அழுத்திச் சொன்னா 'இன்டூ', ஆளுக்கும் குழுவுக்கும் 'வித்'. வெப் பக்கத்துக்கு மட்டும் 'ஆன்' சகஜமா வருது.

3. மெயில்ல கூட அனுப்பற ஃபைல் அட்டாச், எம்பெட் இல்ல. வேர்டு ஃபைலுக்குள்ள எக்செல் அட்டவணையை எம்பெட் பண்ணா அன்னிக்கு இருந்த எண்ணோட நகல் உள்ள போகும், ஃபைல் சைஸும் ஏறும். லிங்க் பண்ணா மூல ஃபைல் மாறும்போது இதுவும் மாறும். ஆபீஸ்ல பழைய கணக்கே வெளிய போயிடுற பாதி தகராறு இந்த ரெண்டையும் ஒன்னா நினைக்கறதுல வருது.

4. நகைக்கல்லுக்கு வழக்கமா 'செட்' தான். மரத்துலயோ உலோகத்துலயோ குடைஞ்சு மேல்மட்டம் சமமா வர்ற மாதிரி பதிச்சா 'இன்லே'. மேல எல்லாம் நெருக்கமா ஒட்டியிருந்தா 'என்க்ரஸ்ட்'. உடம்புக்குள்ள வேணும்னு வைக்கற பல், எலும்புப் பிளேட்டுக்கு 'இம்ப்ளான்ட்'. கால்ல ஏறின கண்ணாடித் துண்டு, வேணும்னு வைக்காதது, அதுக்கு எம்பெடட் சரியா பொருந்தும்.

5. வேலை விளம்பரத்துல "யூ வில் பி எம்பெடட் வித் தி கஸ்டமர் டீம்"னு வந்தா சிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வாடிக்கையாளர் கம்பெனிக்குள்ளயே உக்காந்து அவங்க ஆள் மாதிரி வேலை செய்யணும்னு அர்த்தம். அப்போ கேக்க வேண்டியது வேற: சம்பளம் யார் கொடுப்பாங்க, லீவு யார் கிட்ட கேக்கணும், அந்த புராஜெக்ட் முடிஞ்சா வேலை இருக்குமா, உக்கார்ற இடம் ஓசூரா பெங்களூரா.